ஒப்பீட்டு நன்மை: வாணிபத்தின் ஆதாயமும் அதன் பங்கீடும்

எல்லாத் தொழில்களிலும் தன்னை விஞ்சி நிற்கும் ஒரு நாட்டோடு ஓர் எளிய நாடு வாணிபம் செய்ய முடியுமா? முடியுமெனில், அதனால் இரு தரப்பாருக்கும் பயன் விளையுமா, அன்றி வலியவன் எளியவனை விழுங்குவதற்கு இட்ட நாகரிகப் பெயர்தான் வாணிபமா? உலகமயமாதல் குறித்துப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் இவ்வினா ஏதேனும் ஒரு வடிவில் எழுகின்றது. நம் கற்றறிந்தோர் அவைகளிலும் இதற்கு இரு விடைகள் கூறப்படக் கேட்கிறோம்.

‘எல்லாவற்றையும் நம்மைவிடக் குறைந்த உழைப்பில் செய்பவன் நம்மிடம் வாங்குவதற்கு என்ன இருக்கிறது? அவன் விற்றுக்கொண்டே இருப்பான். நாம் பணம் தீரும்வரை வாங்கிக்கொண்டே இருப்போம்’ என்பது ஒரு விடை. ‘கதவுகளைத் திறந்து விடுங்கள்; சந்தை எல்லாருக்கும் நன்மை தரும்’ என்பது மற்றொன்று. முதல் விடை கணக்கில் தவறுகிறது. இரண்டாம் விடையின் கணக்கு சரியே. ஆனால் மொத்தத்திற்குக் கிடைக்கும் ஆதாயத்தை ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் ஆதாயமாக எண்ணிக்கொள்ளும் இடத்தில் அது தவறுகிறது. இவ்விரண்டு தவறுகளையும் தனித்தனியே பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொருளியலார் இதற்கு ‘ஒப்பீட்டு நன்மைக் கோட்பாடு’ என்று பெயரிட்டுள்ளனர். பால் சாமுவேல்சன் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞரிடம், கணித மேதை ஸ்டானிஸ்லாவ் உலாம் ஒருமுறை ஓர் அறைகூவல் விடுத்தார். சமூகவியல் துறைகள் அனைத்திலும், உண்மையானதாகவும் அதேவேளையில் பார்த்தவுடன் விளங்கிவிடாததாகவும் உள்ள கூற்று ஒன்றேனும் உண்டா என்பதே அது. சாமுவேல்சனுக்குப் பல ஆண்டுகள் கழித்தே தக்க விடை தோன்றியது. அவர் சுட்டியது இக்கோட்பாட்டைத்தான். அறிவில் சிறந்த பலரும் தாமாக உணர்ந்துகொள்ள இயலாது போன உண்மை இது என்பது அவருடைய கருத்து. ஆகவே இதனைச் சற்றுப் பொறுமையோடு அணுகுவது பொருத்தமாகும்.

கூட்டுழைப்பும் உபரியும்

மனிதன் தனித்து நின்று தன் தேவைகளை நிறைவு செய்துகொள்ள இயலாதவன் என்னும் உண்மையை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 505, கி.பி. 1111) தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில், ஒரு ரொட்டி நம் கைக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை தொழிலாளரின் உழைப்பு அதில் கலக்கிறது என்பதை விரித்துரைக்கிறார்கள். சிறியதோர் ஊசியும் அதைச் செய்வோர் கையில் பன்முறை புரண்ட பின்னரே உருப்பெறுகிறது என்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

இப்னு கல்தூன் (ஹிஜ்ரி 732–808, கி.பி. 1332–1406) இதனை மேலும் ஓர் அடி முன்னெடுத்துச் சென்றார். கி.பி. 1377-இல் எழுதிய ‘முகத்திமா’வில் அவர் கோதுமையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். ஒருவன் தன் பங்குக் கோதுமையைத் தானே தனித்து விளைவிக்க முயன்றால் அவனால் இயலாது. கருவி செய்யும் கொல்லன், தச்சன், மாடு பேணுவோன், உழுவோன், அறுப்போன் என ஆறு பேரோ பத்துப் பேரோ கூடி உழைத்தால், அவர்தம் தேவையைப் போல் பன்மடங்கு விளைகிறது. அந்த உபரியே நகரங்களின் செல்வத்திற்கும் வாணிபத்திற்கும் ஊற்றுக்கண் என்பது அவர் முடிவு.

இதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், கி.பி. 1776-இல் ஆடம் ஸ்மித் ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலை வெளியிட்டார். வேலையைப் பகுத்துக்கொண்டு பத்துப் பேர் நாளொன்றுக்கு 48,000 குண்டூசிகள் செய்ததை அவர் விவரித்தார். வெளியில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பொருளை வீட்டில் அதிகச் செலவில் செய்வது அறிவுடைய குடும்பத்தலைவனின் செயலாகாது. நாட்டிற்கும் இது பொருந்தும் என்பது அவர் வாதம்.

இவையனைத்தும் தெளிவாக விளங்கக்கூடியவையே. கொல்லன் இரும்பில் வல்லவன். உழவன் நிலத்தில் வல்லவன். இருவரும் மாற்றிக்கொள்வதால் இருவருக்கும் நன்மை. ஒருவர் ஒன்றில் மற்றவரை நேராக விஞ்சி நிற்கும் இந்நிலையை ‘முழு நன்மை’ என்பர். ஆனால் நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினா இதனால் தீரவில்லை. இரும்பிலும் நிலத்திலும் ஒருவனே வல்லவனாக இருந்தால் என் செய்வது? மற்றவன் எதைக் கொண்டு சந்தைக்கு வருவான்?

ஒன்றைப் பெற ஒன்றை விடுதல்

இதற்கு விடை காண, முதலில் ‘செலவு’ என்னும் சொல்லின் பொருளைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஒரு பொருளைப் பெறக் கையிலிருந்து கொடுக்கும் பணம் மட்டுமே செலவன்று. அதைச் செய்யும் நேரத்தில் செய்திருக்கக்கூடிய, ஆனால் செய்யாமல் விட்ட வேறொன்றே அதன் மெய்யான செலவு. பொருளியலார் இதனை ‘வாய்ப்புச் செலவு’ என்பர். நாள் ஒன்றே, கைகள் இரண்டே. ஒன்றில் இட்ட உழைப்பை மற்றொன்றிலும் இட இயலாது.

நம் துறைக்கு அணுக்கமானதோர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். பழைய அரபுத்தமிழ் ஏடுகளைத் தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதி, குறிப்புரையோடு நூலாக்கும் பணியில் இருவர் ஈடுபட்டுள்ளனர். ஒருவர் மூத்த பேராசிரியர்; மற்றவர் இளம் ஆலிம். மூத்தவர் ஒரு நாள் முழுவதும் பெயர்த்தெழுதினால் 12 பக்கம் முடிப்பார். நாள் முழுவதும் குறிப்புரை எழுதினால் 6 பக்கத்திற்கு எழுதுவார். இளையவர் நாளொன்றுக்குப் பெயர்த்தெழுதுவது 8 பக்கம். குறிப்புரை எழுதுவது 2 பக்கத்திற்கு மட்டுமே. இரு வேலைகளிலும் மூத்தவரே விரைவானவர் என்பது வெளிப்படை.

இருவரும் தனித்தனியே பத்து நாள் உழைக்கின்றனர் எனக் கொள்வோம். ஒரு பக்கம் நிறைவுபெற அது பெயர்த்தெழுதப்படவும் வேண்டும். குறிப்புரை பெறவும் வேண்டும். மூத்தவர் பத்து நாளில் 40 பக்கங்களை நிறைவு செய்வார். இளையவர் 16 பக்கங்களை நிறைவு செய்வார். இருவருமாகச் சேர்ந்து 56 பக்கம்.

இப்பொழுது அவரவரின் வாய்ப்புச் செலவை நோக்குவோம். மூத்தவர் ஒரு பக்கத்திற்குக் குறிப்புரை எழுதும் நேரத்தில் 2 பக்கம் பெயர்த்தெழுதியிருக்கலாம். இளையவர் ஒரு பக்கக் குறிப்புரைக்கு ஆகும் நேரத்தில் 4 பக்கம் பெயர்த்தெழுதியிருக்கலாம். ஆக, குறிப்புரையின் செலவு மூத்தவருக்கு 2, இளையவருக்கு 4. திருப்பி நோக்கினால், ஒரு பக்கம் பெயர்த்தெழுதுவதற்காக மூத்தவர் அரைப் பக்கக் குறிப்புரையை இழக்கிறார். இளையவர் கால் பக்கத்தை மட்டுமே இழக்கிறார். வேகத்தில் பின்தங்கிய இளையவரே பெயர்த்தெழுதுவதைக் குறைந்த செலவில் செய்பவர்! இதுவே ஒப்பீட்டு நன்மை.

எனவே மூத்தவர் பத்து நாளும் குறிப்புரையே எழுதட்டும். 60 பக்கத்திற்கு எழுதுவார். இளையவர் எட்டு நாள் பெயர்த்தெழுதி 64 பக்கம் முடிக்கட்டும். எஞ்சிய இரண்டு நாளில் 4 பக்கத்திற்குக் குறிப்புரை எழுதட்டும். இப்பொழுது 64 பக்கங்கள் நிறைவுபெற்றுள்ளன. ஆட்கள் அதே இருவர். நாள் அதே பத்து. எவரும் முன்பைவிட விரைந்து எழுதவில்லை. ஆயினும் 56 பக்கம் 64 ஆகிவிட்டது. கூடுதலான இந்த 8 பக்கங்களே ‘வாணிபத்தின் ஆதாயம்’ எனப்படுவது.

வேலையைப் பகுத்தால் மட்டும் போதாது, சரியான திசையில் பகுக்க வேண்டும் என்பதும் இங்கு நோக்கத்தக்கது. மூத்தவர் பத்து நாளும் பெயர்த்தெழுதி, இளையவர் பத்து நாளும் குறிப்புரை எழுதினால், 120 பக்கங்கள் பெயர்த்தெழுதப்பட்டிருக்கும். குறிப்புரையோ 20 பக்கத்திற்கு மட்டுமே இருக்கும். நிறைவுபெற்றவை 20 பக்கமே.

பாடநூல்களில் வரும் ‘உற்பத்தி வாய்ப்பு வளைகோடு’ என்பதும் இவ்விழப்பின் வரைபடமே. மூத்தவரின் பத்து நாளை ஒரு கோடாக வரைந்தால், அதன் ஒரு முனை 120 பக்கப் பெயர்த்தெழுத்து. மறுமுனை 60 பக்கக் குறிப்புரை. கோட்டின் மீது எங்கு நின்றாலும், ஒன்றில் முன்னேற மற்றொன்றில் பின்வாங்க வேண்டும். அந்தப் பின்வாங்கலின் அளவே வாய்ப்புச் செலவு. இருவர் கோடுகளின் சாய்வும் வேறுபடும்வரை, இருவர்க்கிடையே மாற்றிக்கொள்ளத்தக்க பொருள் உண்டு. சாய்வு முற்றிலும் ஒன்றாக இருந்தால் மட்டுமே, ஒருவர் மற்றவரை எத்தனை மடங்கு விஞ்சினாலும், இவ்வழியிலான ஆதாயம் இல்லை.

ரிக்கார்டோவின் நான்கு எண்கள்

இவ்வுண்மையை நாடுகளுக்கு இடையிலான வாணிபத்தில் பொருத்தித் தெளிவாக எடுத்துரைத்தவர் டேவிட் ரிக்கார்டோ. போர்த்துக்கல் மரபைச் சேர்ந்து, ஆம்ஸ்டர்டாமிலிருந்து லண்டனில் குடியேறிய யூதக் குடும்பத்தில் 1772-இல் பிறந்தவர் அவர். பங்குச் சந்தையில் பெரும்பொருள் ஈட்டிய பின்னர் பொருளியல் ஆய்வில் ஈடுபட்டார், 1819-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரானார், 1823-இல் மறைந்தார். அவர் எழுதிய காலத்தில் பிரிட்டனில் தானியச் சட்டம் நடைமுறையில் இருந்தது. உள்நாட்டுக் கோதுமை விலை குவார்ட்டர் என்னும் அளவைக்கு 80 ஷில்லிங்கை எட்டும்வரை வெளிநாட்டுக் கோதுமையை உள்ளே விடலாகாது என்பது 1815-ஆம் ஆண்டுச் சட்டம். நிலவுடைமையாளர் செழிக்க, ஏழைகளின் ரொட்டி விலை ஏறியது. இச்சட்டத்தை எதிர்த்த சூழலில்தான் அவருடைய வாணிபக் கொள்கை உருப்பெற்றது. 1846-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.

1817-இல் வெளிவந்த அவரது நூலின் ஏழாம் அத்தியாயம் அயல்நாட்டு வாணிபம் பற்றியது. அதில் அவர் நான்கே எண்களை முன்வைக்கிறார். ஓர் ஆண்டில் குறிப்பிட்ட அளவு துணி நெய்ய இங்கிலாந்தில் 100 பேர் வேண்டும். குறிப்பிட்ட அளவு திராட்சை மது செய்ய 120 பேர் வேண்டும். அதே அளவு துணிக்குப் போர்த்துக்கலில் 90 பேரும், அதே அளவு மதுவுக்கு 80 பேரும் போதும். (நமக்கு விலக்கப்பட்ட பொருள் எடுத்துக்காட்டில் வருகிறதே என வாசகர் தயங்க வேண்டா, மதுவுக்குப் பதிலாக ஒலிவ எண்ணெய் என்று கொண்டாலும் கணக்கு மாறாது.) இவை போர்த்துக்கல் நாட்டில் அளந்து எடுத்த புள்ளிவிவரங்கள் அல்ல. கருத்தை விளக்குவதற்காக அவரே அமைத்துக்கொண்ட எண்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டிலும் போர்த்துக்கலே முந்தி நிற்கிறது. தனித்தனியே செய்தால் இரு நாடுகளுக்குமாக 390 பேர் உழைக்க வேண்டும். இங்கிலாந்து இரு பங்கு துணியை மட்டும் நெய்தால் 200 பேர், போர்த்துக்கல் இரு பங்கு மதுவை மட்டும் செய்தால் 160 பேர், மொத்தம் 360. துணியும் மதுவும் முன்பிருந்த அளவே. மிச்சம் 30 பேரின் ஓராண்டு உழைப்பு. ஒரு பங்கு துணிக்கு ஒரு பங்கு மது என மாற்றிக்கொண்டால், இங்கிலாந்து 100 பேரின் உழைப்பைக் கொடுத்து, தானே செய்தால் 120 பேர் வேண்டியிருக்கும் பொருளைப் பெறுகிறது. போர்த்துக்கல் 80 பேரின் உழைப்பைக் கொடுத்து, 90 பேரின் உழைப்புக்குரிய பொருளைப் பெறுகிறது.

‘இரண்டும் போர்த்துக்கலில் மலிவானால் இங்கிலாந்தின் துணியை எவர் வாங்குவார்?’ என்பது நியாயமான கேள்வியே. ரிக்கார்டோ இதற்கும் விடை கூறுகிறார். தொடக்கத்தில் இங்கிலாந்து இரண்டையும் பொன் கொடுத்து வாங்கும். பொன் வெளியேற வெளியேற இங்கிலாந்தில் விலைகளும் கூலியும் இறங்கும். பொன் வந்து குவியும் போர்த்துக்கலில் அவை ஏறும். ஒரு கட்டத்தில், இங்கிலாந்து எதில் குறைவாகப் பின்தங்கியிருந்ததோ அந்தத் துணி, போர்த்துக்கல் துணியைவிட மலிவாகிவிடும். அப்பொழுது வாணிபம் இருவழிப் பாதையாக மாறும். ‘பணம் தீரும்வரை வாங்கிக்கொண்டே இருப்போம்’ என்னும் முதல் விடை கணக்கில் தவறும் இடம் இதுதான். இன்று பொன்னின் இடத்தில் நாணய மாற்று விகிதம் அவ்வேலையைப் பெரிதும் செய்கிறது. ஆயினும் அவ்வழியில் கூலி இறங்கவும் நேரும் என்பதையும் மறந்துவிடலாகாது.

ஆதாயம் யார் கையில்?

இதுவரை கூறியது மொத்தத்தைப் பற்றியது. இனிப் பங்கீட்டுக்கு வருவோம். நம் எடுத்துக்காட்டில் மிகுதியாகக் கிடைத்த 8 பக்கங்கள் யாருக்கு உரியவை? ஒரு பக்கக் குறிப்புரைக்கு இரண்டு பக்கப் பெயர்த்தெழுத்து என்று மாற்றிக்கொண்டால், மூத்தவர் கையில் பழைய 40 பக்கமே இருக்கும்; இளையவர் 24 பக்கம் பெறுவார்; ஆதாயம் முழுவதும் இளையவருக்கே. ஒன்றுக்கு நான்கு என்று மாற்றினால், மூத்தவருக்கு 48. இளையவருக்குப் பழைய 16 மட்டுமே. ஒன்றுக்கு மூன்று என்றால் மூத்தவருக்கு 45, இளையவருக்கு 19. மூன்று வகையிலும் மொத்தம் 64 தான். ஒப்பீட்டு நன்மைக் கோட்பாடு மாற்று விகிதம் இரண்டுக்கும் நான்குக்கும் இடையில் இருக்கும் என்று மட்டுமே கூறுகிறது. அதற்குள் எங்கு என்பதை அது கூறுவதில்லை.

நாடுகளுக்கிடையே இவ்விகிதத்தை ‘வாணிப வீதம்’ என்பர். ரிக்கார்டோ ஒன்றுக்கு ஒன்று எனக் கொண்டபடியால் மிச்சமான 30 பேரின் உழைப்பில் இங்கிலாந்துக்கு 20, போர்த்துக்கலுக்கு 10 என ஆயிற்று. ஏன் ஒன்றுக்கு ஒன்று என்பதற்கு அவர் காரணம் காட்டவில்லை. அவ்விடைவெளியை நிரப்பியவர் ஜான் ஸ்டூவர்ட் மில். ஒருவர் பொருளின் மீது மற்றவருக்கு உள்ள தேவையின் அழுத்தமே வீதத்தைத் தீர்மானிக்கிறது என்று 1844-இல் வெளியிட்ட கட்டுரையிலும் 1848-இல் வெளியிட்ட பெருநூலிலும் அவர் விளக்கினார். எவனுக்குத் தேவை மிகுதியோ, காத்திருக்க இயலாதோ, அவனுக்குப் பங்கு குறையும். அன்றாட அனுபவத்தில் நாம் அறிந்ததும் இதுவே.

ஆகவே ஒரு வாணிபத்தால் இருவரும் பயன் பெற்றனர் என்று சொல்வதும், அவ்வாணிபம் நீதியானது என்று சொல்வதும் ஒன்றாகா. முன்னது கணக்கு, பின்னது அத்ல் என்னும் நீதியின் பாற்பட்டது. 48-க்கு 16 என்று பிரித்தாலும், 45-க்கு 19 என்று பிரித்தாலும் ஒப்பீட்டு நன்மை மீறப்படுவதில்லை.

கணக்கில் வராத வரலாறு

ரிக்கார்டோ எடுத்துக்கொண்ட இரு நாடுகளும் கற்பனை நாடுகள் அல்ல. ஆங்கிலத் துணியும் போர்த்துக்கல் மதுவும் மாற்றிக்கொள்ளப்பட்டதன் பின்னணியில் ஓர் உடன்படிக்கை உண்டு. 1703 டிசம்பர் 27 அன்று, ஜான் மெதுவன் என்னும் ஆங்கிலத் தூதர் வழியாக அது ஏற்பட்டது. ஆங்கிலக் கம்பளித் துணியைப் போர்த்துக்கல் தடையின்றி ஏற்கும். போர்த்துக்கல் மதுவுக்கு, பிரெஞ்சு மதுவுக்கு விதிக்கும் வரியில் மூன்றில் ஒரு பங்கு குறைத்தே இங்கிலாந்து வரி விதிக்கும். இவ்விரண்டுமே அதன் சாரம். அப்பொழுது ஸ்பெயின் அரியணை குறித்த போரில் இங்கிலாந்து பிரான்சோடு மோதிக்கொண்டிருந்தது. எனவே ஆங்கிலேயர் மேசைக்குப் போர்த்துக்கல் மது வந்து சேர்ந்ததற்குத் தட்பவெப்பமும் மண்வளமும் மட்டும் காரணமல்ல. போரும் வரியும் அதனைத் தீர்மானித்தன.

போர்த்துக்கலிலும் துணித்தொழிலை வளர்க்க முயற்சி நடந்திருந்தது. 1670-களிலும் 1680-களிலும் எரிசெய்ரா பிரபு கம்பளி ஆலைகளை ஊக்குவித்தார். அந்நியத் துணி அணிவதைக் கட்டுப்படுத்தும் ஆணைகளும் பிறந்தன. 1690-இல் அவர் மறைந்தபின் அம்முயற்சி தளர்ந்தது. மெதுவன் உடன்படிக்கையே அத்தொழிலை அழித்தது எனச் சிலர் கூறுவது மிகை. தளர்ச்சி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. எனினும் மீண்டெழும் வாய்ப்பை அது மேலும் குறுக்கியது என்பதை மறுக்க இயலாது.

அன்றியும், 1690-களில் பிரேசிலில் பொன் கண்டெடுக்கப்பட்டது. துணிக்கு ஈடாக மது மட்டும் போதாதபோது, போர்த்துக்கல் அப்பொன்னைக் கொண்டு கணக்கைத் தீர்த்தது. பொன் கைமாறினால் விலைகள் மாறி வாணிபம் தானே சமனாகும் என்பது ரிக்கார்டோவின் கணக்கு. குடியேற்ற நாட்டுச் சுரங்கம் பொன்னை ஊறிக்கொண்டே இருந்தால் அச்சமநிலை நெடுங்காலம் தள்ளிப்போகும் என்பது வரலாறு. மது வாணிபமும் பெருமளவு ஆங்கில வணிகர் கையில் இருந்தமையால், 1756-இல் பொம்பால் என்னும் அமைச்சர் தூரோ பள்ளத்தாக்கின் மது வாணிபத்திற்கென அரசு ஆதரவு பெற்ற நிறுவனம் ஒன்றை ஏற்படுத்த வேண்டியதாயிற்று.

இங்கிலாந்தோ, தன் துணித்தொழிலைச் சந்தையின் போக்கில் விட்டுவிடவில்லை. இந்தியாவிலிருந்து, குறிப்பாகச் சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் சென்ற வண்ண அச்சுத் துணிகள் அந்நாட்டுச் சந்தையில் பெருவரவேற்புப் பெற்றபோது, கம்பளி நெசவாளர்கள் கொதித்தெழுந்தனர். 1700-ஆம் ஆண்டுச் சட்டம் அத்துணிகளின் இறக்குமதியைத் தடுத்தது. 1721-ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்ட பருத்தித் துணியை அணிவதையும் தடுத்தது. 1774 வரை நீடித்த இத்தடையின் நிழலில் அந்நாடு பருத்தி நூற்பிலும் அச்சிலும் கைதேர்ந்தது. ரிக்கார்டோவின் கணக்கு ஒரு நாளில் எடுத்த நிழற்படம் போன்றது. யாருக்கு எதில் நன்மை என்பதை அந்நாளின் நிலையில் காட்டும். அந்த நன்மை எவ்வாறு வந்தது, நாளை எவ்வாறு மாறும் என்பதை அது காட்டாது.

மலக்கா: கைப்பழக்கம் மாறுமா?

இங்கு நாம் மீண்டும் முகத்திமாவுக்குத் திரும்ப வேண்டியுள்ளது. தொழில்களைப் பற்றிய பகுதியில் இப்னு கல்தூன் ‘மலக்கா’ என்னும் சொல்லை ஆள்கிறார். மீண்டும் மீண்டும் செய்வதால் உள்ளத்திலும் கையிலும் வேரூன்றிவிடும் திறனே மலக்கா. நெடுங்காலம் நகர வாழ்வு நிலைத்த இடங்களில்தான் தொழில்கள் வேர்பிடிக்கும் என்கிறார். அந்தலூஸை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார். ஒரு தொழிலில் மலக்கா பெற்றவர் பின்னர் வேறொன்றிலும் அவ்வாறே தேர்ச்சி பெறுவது அரிது என்று தனியொரு அத்தியாயமே வகுத்துள்ளார். தையல் கைவந்தவர் அதன்பின் தச்சு வேலையில் அதே தேர்ச்சியை அடைவது கடினம் என்பது அவர் தரும் எடுத்துக்காட்டு.

இவ்வத்தியாயத்தை ரிக்கார்டோவின் நான்கு எண்களுக்கு அருகே வைத்துப் படிக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. போர்த்துக்கலில் துணி நெய்த 90 பேர் மறுநாளே திராட்சைத் தோட்டத்திற்குச் செல்வர் என்பது அக்கணக்கில் சொல்லாமல் அடங்கியுள்ள நிபந்தனை. எண்கள் ஒரு நெடுவரிசையிலிருந்து மற்றொரு நெடுவரிசைக்கு நொடியில் தாவும். நாற்பது வயது நெசவாளரின் விரல்கள் அவ்வாறு தாவுமா? அவருக்கு வீடும் கடனும் பிள்ளைகளும் இருக்கும் ஊர் ஒன்று. தோட்டம் இருப்பது வேறோர் ஊர். நாடு 10 பேரின் உழைப்பை மிச்சப்படுத்தியது என்பது மெய்யே. அந்த மிச்சத்திற்காக ஒரு வாழ்நாளின் மலக்காவை இழந்தவர் அந்த நெசவாளர் என்பதும் மெய்யே.

அண்மைக்கால ஆய்வுகள் இதற்குத் துணை நிற்கின்றன. சீனா 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபின், அமெரிக்காவில் சீனப் பொருள்களின் வரவு பெருகிற்று. டேவிட் ஆட்டர், டேவிட் டார்ன், கார்டன் ஹான்சன் என்னும் மூவர் 2013-இலும் பின்னரும் வெளியிட்ட ஆய்வுகளில், அதன் இழப்பு நாடு முழுவதும் பரவாமல், சீனப் பொருள்களோடு போட்டியிட்ட ஆலைகள் செறிந்திருந்த வட்டாரங்களில் குவிந்ததைக் காட்டினர். வேலை இழந்தோர் பாடநூல் எதிர்பார்த்தபடி விரைவில் வேறு ஊருக்கோ வேறு தொழிலுக்கோ மாறிவிடவில்லை. பத்தாண்டுக்கு மேலும் அவ்வட்டாரங்கள் மீளவில்லை. மலிவான பொருளின் ஆதாயம் நாடெங்கும் மெல்லிய தூறலாய் விழ, இழப்போ சில ஊர்களில் பெருமழையாய்க் கொட்டிற்று.

ரிக்கார்டோவும் இத்தகைய கவலைக்கு அப்பாற்பட்டவரல்லர். இயந்திரங்களால் தொழிலாளருக்குத் தீங்கில்லை என்று கருதியிருந்த அவர், 1821-இல் தம் நூலின் மூன்றாம் பதிப்பில் புதிய அத்தியாயம் ஒன்றைச் சேர்த்து, அக்கருத்தை மாற்றிக்கொண்டதை வெளிப்படையாக எழுதினார்.

நாம் கொள்ளத்தக்கது

ஆகவே இக்கோட்பாட்டிலிருந்து முதலில் நாம் கற்க வேண்டியது எளியவனின் இடத்தைப் பற்றிய தெளிவாகும். எல்லாவற்றிலும் பின்தங்கியவனும் ஏதேனும் ஒன்றில் குறைந்த செலவினனாகவே இருப்பான். அவன் பங்களிப்பால் வலியவனும் பயனடைகிறான். ஒரு மனிதனையோ சமுதாயத்தையோ ‘இவர்களால் ஆவது ஒன்றுமில்லை’ என ஒதுக்குவோருக்கு அறநூல் மட்டுமன்றிக் கணக்கும் மறுப்புக் கூறுகிறது. எல்லாவற்றையும் நாமே செய்துகொள்வோம் எனக் கதவடைப்பவர், நம் எடுத்துக்காட்டின் 8 பக்கங்களை இழக்கிறார்.

அடுத்து, ஆதாயம் உண்டு என்று காட்டிய அதே கணக்கு, இழந்தவருக்கு ஈடு செய்யப் பொருள் உண்டு என்பதையும் காட்டுகிறது. மிச்சமான 30 பேரின் உழைப்பிலிருந்து நெசவாளருக்கு ஈடு தந்த பின்னும் எஞ்சுவது இருக்கும். ஆனால் ஈடு செய்ய இயலும் என்பதால் ஈடு செய்யப்பட்டுவிட்டது என்று ஆகாது. அமெரிக்கா 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இறக்குமதியில் வேலை இழந்தோர்க்குப் பயிற்சியும் உதவியும் தர ஏற்பாடு செய்தது. 2022 ஜூலையில் அதன் அனுமதிக் காலம் முடிந்து, புதியவர்களை அதில் சேர்ப்பது நின்றது. கதவைத் திறக்கும் ஒப்பந்தங்கள் ஆண்டாண்டாய் நிலைக்கும் என எழுதப்படுகின்றன. ஈடு செய்யும் ஏற்பாடுகளுக்கோ காலக்கெடு இடப்படுகிறது.

எனவே இனி ஒரு வாணிப உடன்படிக்கையைப் பற்றிப் படிக்கும்போது, அதனால் நாட்டின் மொத்த வருமானம் எவ்வளவு கூடும் என்று கூறுவோரிடம் நாம் மேலும் மூன்று வினாக்களைக் கேட்கலாம். மாற்று வீதம் இரண்டுக்கு அருகில் உள்ளதா, நான்குக்கு அருகில் உள்ளதா? இன்று நாம் விட்டுவிடும் தொழில், நாளை கற்றுத் தேர்ந்திருக்கக்கூடிய தொழிலா? எவருடைய மலக்கா பயனற்றுப் போகிறது, அவருக்கு ஈடு தருவது யார்? இவற்றுக்கான விடை ரிக்கார்டோவின் நான்கு எண்களில் இல்லை. அதை உடன்படிக்கையின் விதிகளிலும் அரசின் வரவுசெலவுத் திட்டத்திலும் தேடிப் பார்க்க வேண்டும்.